மேலே மழை... கீழே இறால்!

கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பது சுலபம். 'பார்க்கலாம் ஸார்' என்று இழுத்தவர்கள்தான் பந்தியில் முதல் வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மலையேற்றம் அப்படியல்ல. 'நான் இல்லாமலா?' என்று மார்தட்டியவர்கள் சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குப் போனை எடுக்கவே மாட்டார்கள். அதுவும் கார்த்திகை மாசத்து மழை என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டை விரலை உயர்த்தியவர்கள் 31 பேர். வேனில் ஏறியவர்கள் 9 பேர். மீதி 22 பேருக்கும் ஒரே நாளில் ஜுரம். அந்த ஜுரம் திங்கட்கிழமை காலை சரியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

வந்த ஒன்பது பேரைச் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் வேண்டாம், செக்‌ஷன் போதும். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கியிருக்கும் அக்கவுண்ட்ஸ் மாமா (கையில் குடை). புது ஜீன்ஸ் பேண்ட்டும் வெள்ளை ஷூவுமாக வந்த கம்ப்யூட்டர் செக்‌ஷன் தம்பி. காட்டிலும் வருகைப் பதிவேடு எடுக்கும் ஹெச்.ஆர். அப்புறம் டெஸ்பாட்ச், சேல்ஸில் நாலு பேர், டிரைவரையும் சேர்த்துக்கொண்டால் ஒன்பது என்று கணக்கு சொன்ன அடியேன்.

போன இடம் நாகலாபுரம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக இரண்டரை மணி நேரப் பயணம். ஆந்திர எல்லைக்குள் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலா தேவியின் பெயரால் வைத்த ஊர். மச்சாவதாரப் பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. மீன் உருவில் பெருமாள் இருக்கும் ஊரிலிருந்து கிளம்பி, நிஜ மீன் பிடிக்கிற ஊரில் போய் முடியப்போகிறது பயணம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வேஷம் போடும் காடு

மழைக்காடு என்றால் நமக்கு வால்பாறையும் அகஸ்தியர் மலையும்தான் ஞாபகம் வரும். வானம் தெரியாத மரங்கள், வருஷம் பூராவும் சொதசொதப்பு, காலைப் பிடித்துக்கொண்டு விடாத அட்டை. நாகலாபுரம் மலை அந்த ஜாதியில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சித்திரை வைகாசியில் போனால் பாறை சுடும், மரங்கள் மொட்டையாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசம் மட்டும் அது மழைக்காடு வேஷம் போடும். வேஷம் என்றாலும் அசல் தோற்றுப்போகும் வேஷம்! பாறை இடுக்கெல்லாம் பாசி, திரும்பின பக்கமெல்லாம் ஓடை, ஓடை தேங்கும் இடமெல்லாம் அடி தெரியும் குளம்.

வழிகாட்டியாக ஒரு உள்ளூர்ப் பெரியவர். அறுபது வயசு இருக்கும். வெறும் ரப்பர் செருப்பு, தலையில் உர மூட்டைக் கோணியை மடித்துப் போட்ட கொங்காணி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். எங்கள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரெயின்கோட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் எங்கள் ரெயின்கோட்டுக்கு வெளியே மழையும், உள்ளே வியர்வையுமாக நாங்கள் இரண்டு பக்கமும் நனைந்திருந்தோம். அவர் கோணிக்குள் காய்ந்த பீடியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

ஜீன்ஸ் தம்பியின் கதை இன்னும் பரிதாபம். நனைந்த ஜீன்ஸ் எவ்வளவு கனக்கும் என்பது துவைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அன்று தம்பிக்கும் தெரிந்தது. "ஸார், யாரோ என் காலைப் பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு" என்றான். அக்கவுண்ட்ஸ் மாமா குடையை மடக்கி ஊன்றுகோலாக்கிக்கொண்டு குமரன் மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். குடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் மதியத்துக்குள் ஆளுக்கொரு கொம்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

வழி ஓடையோடுதான் போகும். ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல இடத்தில் தாண்ட வேண்டும். நாலாவது இடத்தில் பெரியவர் நின்றார். உட்கார்ந்தார். தண்ணீரில் கையை விட்டு எடுத்தார்.

"இதோட போதும். திரும்பலாம்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே இன்னும் அரை மணி நேரத்தில் பெரிய குளமும் அருவியும். புளியோதரை பொட்டலத்தை அங்கேதான் பிரிப்பது என்று திட்டம். மழையோ, தூறலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கெண்டைக்கால் உயரம்தான்.

"முக்கால்வாசி வந்தாச்சே தாத்தா!" என்றது சேல்ஸ்.

"வேணும்னா இன்னும் கொஞ்சம் தரேன்" என்று பர்ஸில் கை வைத்தது இன்னொரு சேல்ஸ்.

பெரியவர் மேலே கையைக் காட்டினார். இரண்டு மடிப்புக்கு அப்பால் மலை இருந்த இடத்தில் மலையே இல்லை. கன்னங்கரேலென்று மேகம் உட்கார்ந்திருந்தது. "அங்க கொட்டுது. இங்க வர நேரமாவும். வந்தா சொல்லிட்டு வராது. அது தன் வேலையாப் போவுது, நாம நம்ம வேலையாப் போவோம்."

திரும்பினோம். மூன்றாவது இடத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி நின்று பார்த்தபோது, சற்று முன் கண்ணாடியாக ஓடிய ஓடை டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. சத்தம் மாறியது. சலசலப்பு போய், லாரி மேடேறுகிற மாதிரி ஒரு உறுமல். அடுத்த கால் மணி நேரத்தில் நாங்கள் நின்று வாதாடிய பாறை தண்ணீருக்குள் போயிருக்கும். ஹெச்.ஆர். தானாகவே வருகைப் பதிவு எடுத்தார். ஒன்பதும் இருந்தது. அன்று யாரும் அதைக் கேலி செய்யவில்லை.

பெரியவர் என்ன பார்த்தார்?

இதில் மந்திரம் மாயம் ஒன்றுமில்லை. இந்த மலைகளில் பாறை அதிகம், மண் குறைவு. பெய்கிற மழையைக் குடித்து வைத்துக்கொள்ள மேலே ஆளில்லை. விழுந்தது விழுந்தபடி வழிந்து, எல்லாச் சரிவும் ஒரே ஓடைக்குள் கொட்டும். அதனால் நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தால்கூடத் தலைமாட்டில் பெய்த மழை உங்களைத் தேடி வரும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகு மிதப்பது, சத்தம் கனப்பது, இந்த மூன்றும் அது அனுப்புகிற தந்தி. கிடைத்தவுடன் மேடேற வேண்டியதுதான். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தால் போதும், நல்ல ஆஜானுபாகுவையும் புரட்டிவிடும். நீச்சல் சாம்பியன் மெடல் அங்கே செல்லாது.

ஆனால், எனக்குப் பட்ட பெரிய ஆபத்து தண்ணீரில் இல்லை ஸார், கூட்டத்தில் இருக்கிறது. தனியாகப் போகிறவன் பயந்தால் திரும்பிவிடுவான். கூட்டமாகப் போகிறவன் பயந்தால் பக்கத்து ஆளைப் பார்ப்பான். பக்கத்து ஆளும் பயத்தை மறைத்துக்கொண்டு இவனைப் பார்ப்பான். இரண்டு பேரும் 'அவனே போகிறான்' என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் யாருக்குமே பிடிக்காத தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறதே, அதே கதை.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நம்மைப் போல வார லீவில் கிளம்பிய இளைஞர்கள், இளம்பெண்கள். அதன் பிறகுதான் அந்த வருஷமே தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை ஆரம்பித்தது. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் 'திரும்பலாம்' என்றால் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

ஆற்றோடு ஒரு சவாரி

புளியோதரையை வேனில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மதியம் ஒரு மணி. வீட்டுக்குப் போக யாருக்கும் மனசில்லை. 'ஞாயிற்றுக்கிழமை வரை பர்மிஷன் வாங்கியிருக்கேன், சீக்கிரம் போனா அரிசி புடைக்கச் சொல்லுவா' என்று அக்கவுண்ட்ஸ் மாமா மனம் திறந்தார். டெஸ்பாட்ச்சுக்குப் பொன்னேரியில் மாமனார் வீடு. "இந்தத் தண்ணி எங்கேதான் போகுதுன்னு பார்த்துட்டா என்ன?" என்று ஆரம்பித்து வைத்ததும் அவர்தான். (ராத்திரி மாமியார் கையால் மீன் குழம்பு என்ற உள்நோக்கம் பிறகு தெரிய வந்தது.)

இந்தப் பக்கத்து மலைகளில் விழும் மழையெல்லாம் சின்னச் சின்ன ஓடைகளாக வந்து சேருமிடம் ஆரணி ஆறு. ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால், தப்பு. அது திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். இது வேறு ஆரணி. பிச்சாட்டூரில் ஒரு அணை. அங்கே ஷட்டரைத் தூக்கினால் கீழே தமிழ்நாட்டில் தண்டோரா போடுவார்கள். அடுத்தது சுருட்டப்பள்ளி. விஷத்தைக் குடித்த களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துச் சிவபெருமான் படுத்திருக்கும் கோயில். சிவனை லிங்கமாகவே பார்த்த கண்ணுக்கு அதிசயம். ஜீன்ஸ் தம்பி மட்டும் பெருமூச்சு விட்டான்: "சாமியே படுத்துட்டார், எனக்கென்ன ஸார்..."

அப்புறம் ஊத்துக்கோட்டை. மழைக்காலங்களில் இங்கே தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற செய்தியைப் பேப்பரில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். பிறகு பெரியபாளையம், பவானி அம்மன் கோயில். எல்லாமே ஆற்றங்கரை ஊர்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறு எங்களோடு கூடவே வந்தது. மேலே டீ நிறத்தில் பார்த்தோமே, இங்கே பரந்து விரிந்து பால் அதிகமாகிவிட்ட காபி.

பொன்னேரிக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். சென்னை - கூடூர் ரயில் பாதையில், நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி லோக்கலில் தூங்கியபடியே தாண்டிப் போகும் ஊர். அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் ஆரணி ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் இரண்டு சாமியும் சந்தித்துக்கொள்வதைப் பார்க்க ஊரே திரளும். அரியும் அரனும் ஒற்றுமையாக இருக்கிற ஊரில், டெஸ்பாட்ச்சின் மாமியார் ஒன்பது தடிமாடுகளுக்கு முகம் சுளிக்காமல் மடவை மீன் குழம்பு வைத்துப் போட்டார். அந்தக் குழம்புக்காகவே இன்னொரு மலை ஏறலாம்.

பழவேற்காடு

மறுநாள் காலை, பொன்னேரியிலிருந்து 18 கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் தொடங்கும்போதே காற்றில் உப்பு தெரிகிறது.

இந்தியாவில் ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குக்கோடி நம்மிடம். நடுவே கடலை மறைத்துக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும் நாட்களில் இங்கே மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்பார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைநகரமாக வைத்திருந்தார்கள். கோட்டை மண்மேடாகிப் புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் பத்திரம். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். "ஹெச்.ஆர். மாதிரியே வாசல்ல நிக்கறாங்களே!" என்றது சேல்ஸ். ஹெச்.ஆர். குறித்துக்கொண்டார்.

ஆனால் நாங்கள் பார்க்க வந்தது தண்ணீரை. கோட்டைக்குப்பத்துக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தோம். படகில் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டதற்கு அவர் எங்கள் தலையை எண்ணினார்.

"ஆகாது சார். காத்து திரும்பிக்கினு கீது. ஆத்துத் தண்ணி வேற அடிச்சிக்கினு வருது. தொழிலுக்கே நாங்க பாத்துத்தான் போறோம். உங்கள ஏத்திக்கினு போவறதுக்கு அனுமதியும் இல்ல."

2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. ஒரே படகில் அளவுக்கு மீறிய கூட்டம், உடம்பில் மிதவைச் சட்டை இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. இரண்டே நாளில் இரண்டாவது முறையாக, வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒரு மனிதர் எங்களை 'வேண்டாம்' என்றார். இந்த முறை சேல்ஸ் பர்ஸைத் தொடவில்லை.

படகில் ஏற்றாததற்கு ஈடாகப் பாடம் எடுத்தார். ஏரி ரொம்ப ஆழமில்லை, பல இடத்தில் நின்றால் இடுப்பளவுதான். கோடையில் மழையும் ஆறும் வற்றினால் தண்ணீர் சுண்டி, கடலைவிட அதிகமாகக் கரிக்கும். அதே சமயம் கடலையும் ஏரியையும் இணைக்கிற முகத்துவாரத்தை அலை கொண்டு வந்து போடும் மணல் அடைக்கும். வாசல் அடைத்தால் வீட்டுக்குள் புழுக்கம்தானே? மீன் வராது, இருப்பதும் செத்து மிதக்கும். மீனவர்கள் தாங்களே கூடி மணலை வெட்டித் திறந்துவிட்ட வருஷங்கள் உண்டு. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் எழுப்பும் திட்டம் அவர்கள் பல காலம் கேட்டுக் கேட்டு வந்தது.

இறாலின் ஜாதகம் இன்னும் சுவாரஸ்யம். அது முட்டையிடுவது கடலில். பொடிக்குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். நல்ல மழை பெய்து, மேலேயிருந்து ஆரணி ஆறும், வடக்கே காளங்கி, ஸ்வர்ணமுகி ஆறுகளும் தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டினால், கரிப்பு குறையும், மணல் அறுபடும், வாசல் அகலும், இறால் நடமாடும். அந்த நடமாட்டத்தின் குறுக்கேதான் வலை. அந்த இடத்துக்கும் 'பாடு' என்று முறை வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் என்று ஊர்களுக்குள் நாள் மாற்றி நாள், ஊருக்குள்ளே குலுக்கல் போட்டுத் தலைக்கட்டுக்கு ஒரு இடம். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் என்கிற பேச்சே கிடையாது. ஹெச்.ஆர். இதை மட்டும் குறித்துக்கொள்ளாமல் விட்டதைக் கவனித்தோம்.

வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள், பனையோலைப் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். முட்டளவுத் தண்ணீருக்கு மழையில் நடுங்கிவிட்டு வந்த எங்களுக்கு அதைப் பார்த்துப் பேச்சு எழவில்லை.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து இந்தக் குப்பங்கள் ஏன் பல முறை தெருவுக்கு வந்து போராடின என்பது, அந்தக் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடும். கடலோரத்தில் மணல் நகரும் கணக்கு மாறினால், இவர்கள் வீட்டு அடுப்பின் கணக்கு மாறும் என்பது அவர்கள் பயம்.

போகிறவர்களுக்கு

மழைக்கால மலைக்கு ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயும் மெல்லிய பேண்ட் போதும். மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். வனத்துறை அனுமதியும் உள்ளூர் ஆளும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். ஓடைப் படுகையில் படுக்காதீர்கள். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியிலிருந்து பஸ் இருக்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பூநாரைக் கூட்டம் வரும். படகுக்காரர் ஆசை காட்டினாலும் மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள்.

கிளம்பும்போது கரையோரம் கூடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் இறால் வாங்கினோம். அக்கவுண்ட்ஸ் மாமா வழக்கப்படி பேரம் ஆரம்பித்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க கண்ணு?"

"நாகலாபுரம் மலைக்குப் போயிட்டு வர்றோம்மா. ஒரே மழை. அருவியைப் பார்க்காமலே திரும்பிட்டோம்."

அந்தம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார். "மேல நல்லாப் பேஞ்சுதா?"

"கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சும்மா."

"அப்பிடியா!" என்று முகம் மலர்ந்து, பக்கத்துக் கூடைக்காரியைக் கூப்பிட்டார். "ஏ, கேட்டியாடி... மேல நல்ல மழையாம்!"

இரண்டு நாளாக நாங்கள் திட்டித் தீர்த்த மழை. மாமா பேரத்தை விட்டுவிட்டு, சொன்ன விலையைக் கொடுத்தார். அந்தம்மா எடைக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார்.